மாமர இலைகளில் கருமை, கிளையடியில் மரத்தூள்: நோயா, பூச்சியா?

செம்பவாங் வாசகர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் செம்பவாங்கில் உள்ள எங்கள் தரைவீட்டின் பின்புறம் வளர்ந்த மாமரம் ஒன்று நிற்கிறது. காய்க்காக அன்றி நிழலுக்காகவே அதனைப் பேணி வருகிறோம். பிற்பகல் வெயில் சமையலறைச் சுவரில் விழாமல் காப்பதும், பொங்கலுக்குத் தோரணம் கட்ட இலை தருவதும் அந்த மரம்தான். சில மாதங்களாகக் கீழ்க்கிளைகளில் இலைகளின் மேற்புறம் கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறது. அடியில் உள்ள தரை ஓடுகள் பிசுபிசுக்கின்றன. எறும்புகள் சாரைசாரையாக ஏறி இறங்குகின்றன. பெருங்கிளை ஒன்றில் மட்டும் இலைகள் வாடிப் பழுப்பேறி, உதிராமல் தொங்குகின்றன. அக்கிளையின் அடிப்பகுதியில் மரத்தூள் ஒட்டியிருப்பதையும் பார்த்தேன். அடிமரத்துப் பட்டையில் வெளிர்சாம்பல் திட்டுகளும் உள்ளன. இவை அனைத்தும் ஒரே நோயின் அறிகுறிகளா? பூசணக்கொல்லியை வாங்கி மரம் முழுவதும் தெளித்துவிடலாமா? அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பசுமைத்தோழி எழுதியது:

வணக்கம் ஐயா. தெளிப்பதைத் தயவுசெய்து சற்று நிறுத்தி வையுங்கள். தாங்கள் விவரித்திருப்பவை ஒரே நோயின் அறிகுறிகளாக எனக்குத் தோன்றவில்லை. குறைந்தது இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கக்கூடும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது அவற்றுள் சிறியது.

முதலில் கறுத்த இலை ஒன்றை ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கருமை துணியோடு வந்து, அடியில் இலை பச்சையாகவே இருந்தால் அது கரும்பூசணம். அந்தப் பூசணம் இலைக்குள் நுழைவதில்லை. சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பான திரவத்தின்மீது வளர்கிறது. ஆகவே கறுத்த இலைக்கு மேலே உள்ள இலைகளின் அடிப்புறத்திலும் நடுநரம்பை ஒட்டியும் தேடுங்கள். வெண்பஞ்சு போன்றவை மாவுப்பூச்சிகள்; மேலோடு போல் ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் பெயர்பவை செதில்பூச்சிகள்; தொட்டவுடன் பக்கவாட்டில் நகர்ந்து துள்ளுபவை தத்துப்பூச்சிகள். எறும்புகள் எங்கே கூடி நிற்கின்றனவோ அங்கேயே பெரும்பாலும் விடை கிடைக்கும், ஏனெனில் அந்த இனிப்பைத் தேடித்தான் அவை ஏறுகின்றன. மாறாக, இலையிலேயே கரும்பழுப்புப் புள்ளிகள் பதிந்து, துடைத்தும் போகாமல், நடுப்பகுதி காய்ந்து ஓட்டையாகியிருந்தால் அது ஆந்த்ராக்னோஸ் என்னும் பூசண நோய். மழை ஓயாத இவ்வூர்ப் பருவநிலையில், குறிப்பாக இளந்தளிர்களில், அது எளிதில் பரவும்.

என் கவலையெல்லாம் அந்த மரத்தூளைப் பற்றியதுதான். அதன் தன்மையை அருகில் சென்று பாருங்கள். மாவு போல் நுண்ணியதாகவோ மெல்லிய குச்சிகளாக நீட்டிக்கொண்டோ இருந்து, துளைகள் ஊசிமுனை அளவே இருந்தால் அவை பெரும்பாலும் ஏற்கெனவே நலிந்த மரத்தை நாடும் சிறு வண்டுகள். தூள் நார்நாராக, ஈரமாக, திரளாகத் தள்ளப்பட்டிருந்தால், நீண்ட உணர்கொம்புகள் கொண்ட மாமரத் தண்டுத்துளைப்பானின் புழு உள்ளே இருக்கக்கூடும். அது பட்டைக்கு அடியிலும் கட்டையிலும் குடைந்து, நீரும் உணவும் செல்லும் வழியை அறுத்துவிடுவதால், ஒரு கிளை மட்டும் தனித்து வாடுவதுண்டு. மண்ணால் கட்டிய குழாய்கள் தெரிந்தால் கரையான். இவற்றில் எதற்கும் பூசணக்கொல்லி பயன்படாது.

மண்வாசம் எழுதியது:

பசுமைத்தோழி அம்மா கூறியதோடு முழுவதும் உடன்படுகிறேன். வெளிர்சாம்பல் திட்டுகள் பட்டையோடு ஒட்டிய மெல்லிய படலமாக இருந்தால் அவை பாசியும் பூசணமும் இணைந்து வாழும் பாசிக்காளான்கள். மரத்தை அவை உண்பதில்லை. சுரண்டி எடுக்கப் போய்ப் பட்டையைக் காயப்படுத்திவிட வேண்டாம்.

வேர்கள் வெளிப்படும் இடத்தையும் அவசியம் பாருங்கள். விசிறி வடிவில், கட்டை போல் கெட்டியான காளான் அங்கே முளைத்திருந்தால் உள்ளே வேரோ அடிமரமோ உளுத்திருக்கக்கூடும். மேலே இலைகள் செழிப்பாக இருந்தாலும் அத்தகைய மரம் காற்றில் சாயலாம். வீட்டை ஒட்டி நிற்கும் மரமானால் சான்றிதழ் பெற்ற மர வல்லுநரை அழைப்பதே முறை. மரத்தைச் சுற்றிச் சிமெண்டுத் தளம் போட்டிருக்கிறீர்களா? தளம் அடிமரம்வரை நெருங்கினால் வேர்களுக்குக் காற்றும் நீரும் குறைந்து மரம் நலியும். துளைக்கும் வண்டுகள் அத்தகைய மரத்தையே தேடி வருகின்றன.

செம்பவாங் வாசகர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கருமை துணியில் வந்துவிட்டது; மேலிலைகளின் அடிப்புறத்தில் பழுப்புநிறச் செதில்கள் வரிசையாக ஒட்டியிருக்கின்றன. தூள் நார்நாராகத்தான் இருக்கிறது; அருகில் விரல் நுழையக்கூடிய துளை ஒன்றும், அதிலிருந்து வழிந்த பழுப்புச் சாறும் தெரிகின்றன. அடியில் காளான் இல்லை. தளமும் தள்ளியே இருக்கிறது. வாடிய கிளையின் பட்டையைச் சுரண்டியபோது, துளைக்கு மேலே பழுப்பாகவும் கீழே பச்சையாகவும் இருந்தது.

பசுமைத்தோழி எழுதியது:

இவ்வளவு பொறுமையாகப் பார்த்து எழுதியதற்கு நன்றி ஐயா. துளைக்கு மேல் உயிரின்றிக் கீழே பச்சை இருப்பதால், அந்தக் கிளையை உயிருள்ள பகுதி தொடங்கும் இடத்தில், கிளை பிரியும் தடித்த வளையத்தைக் காயப்படுத்தாமல் வெட்டிவிடுவது நல்லது. பெருங்கிளை என்பதால் ஏணி வைத்துத் தாங்களே வெட்ட முனைய வேண்டாம். வெட்டிய கட்டையைப் பிளந்து, உள்ளே உள்ள புழுவை அழித்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். தோட்டத்திலேயே போட்டு வைத்தால் வண்டு வெளிவந்து திரும்பவும் முட்டையிடும். அடிமரத்தில் வேறு துளைகள் தென்பட்டால், வளையும் கம்பியை உள்ளே செலுத்திப் புழுவைக் குத்தியெடுத்துவிட்டுக் களிமண்ணால் அடைக்கலாம். நீர் தேங்கும் பொந்து இருந்தால் அதையும் கவனியுங்கள், டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட அதுவே போதும்.

செதில்பூச்சிக்கு, மிக மோசமான சிறுகிளைகளை முதலில் கழித்துவிட்டு, 1 லிட்டர் நீருக்கு 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயுடன் சில துளிகள் மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து, மாலையில் இலைகளின் அடிப்புறம் நனையும்படி தெளியுங்கள். பூக்கும் காலத்தில் தேனீக்கள் வரும் என்பதால் அப்போது தவிர்த்துவிடுங்கள். பூச்சி ஒழிந்தபின் கருமையை மழையே மெல்லக் கழுவிவிடும். புதுத் தளிர்கள் பச்சையாக வருகின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

மண்வாசம் எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எப்போதாவது மரத்தையே அகற்ற எண்ணினால், வீடு மரப் பாதுகாப்பு வட்டாரத்துக்குள் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். அங்கே சுற்றளவு 1 மீட்டரைத் தாண்டிய மரத்தைத் தேசியப் பூங்காக் கழகத்தின் ஒப்புதலின்றி வெட்டக் கூடாது. தாங்கள் கூறியவற்றைப் பார்க்கையில் அதற்குத் தேவையே இராது என்றுதான் நம்புகிறேன்.