எதிலிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை

கேள்வி:
பெரிய பிரச்சினை என்று எதுவும் இல்லை, ஆனால் ஆபீஸ் வேலை, வீட்டு வேலை, பதில் போடாத மெசேஜ்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே வரும் பல் டாக்டர் எல்லாம் ஒரே நேரத்தில் தலைக்குள் ஓடுகின்றன, கடைசியில் எதையும் செய்யாமல் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஆகுமா?

பதில் 1:
இது சோம்பேறித்தனம் இல்லைங்க. மனம் ஒரே சமயத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது நாலைந்து விஷயங்கள்தான். முடிக்காத வேலைதான் மனதில் அதிகம் தங்கும் என்று 1927-லேயே ப்ளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். எல்லாவற்றையும் ஒரு காகிதத்தில் கொட்டுங்கள், பக்கத்திலேயே அடுத்து என்ன, எப்போது என்றும் குறித்துவிடுங்கள். வெறும் 'பல் டாக்டர்' போதாது, 'நாளை காலை போன் செய்து நேரம் கேட்க வேண்டும்' என்று இருக்க வேண்டும்.

பதில் 2:
பட்டியலைப் பார்த்தாலே எனக்கு இன்னும் படபடக்கும்! முதலில் மூச்சு. இழுப்பதைவிட நீளமாக, மெதுவாக விடுங்கள், இதயத்துடிப்பு கொஞ்சம் இறங்கும். அப்புறம் பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள், பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள்.

பதில் 3:
தூக்கம், பசி எல்லாம் எப்படி? இரண்டு வாரத்துக்கு மேல் எதிலுமே ஆர்வம் இல்லாமல் போனால் டாக்டரைப் பாருங்கள், அதற்குப் பட்டியல் மருந்தாகாது.

கேட்டவர்:
தூக்கம் பரவாயில்லை. சரி, பாதியை அடிப்பது என்றால், எதை விடலாம் என்று எப்படி முடிவு செய்வீர்கள்?