எங்கள் வீட்டார் குழு: சித்தி சத்தியப்பிரமாணம் எடுத்த நாள்

செவ்வாய்க்கிழமை

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 5:42
எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான செய்தி. இன்று காலை டவுன் ஹோலில் பிரிட்டிஷ் குடியுரிமைக்கான சத்தியப்பிரமாணம் எடுத்துவிட்டேன். சான்றிதழ் கையில். படம் போடுகிறேன்.

பெரியம்மா (ஹரோ), 5:44
வாழ்த்துகள் பிள்ளை. கண் நிறைந்துவிட்டது. அம்மாவின் மாம்பழக் கலர் சேலை தானே அது?

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 5:49
ஓம் அக்கா, அதே சேலைதான். கடவுள் பேரில் சத்தியம் செய்வதா, கடவுள் பேர் சொல்லாமல் உறுதி கூறுவதா என்று முதலே கேட்டார்கள். நான் கடவுள் பேரில் என்றேன். முதல் பகுதி சார்ள்ஸ் மன்னருக்கு விசுவாசம். அது சரளமாக வந்துவிட்டது. பிறகு வந்த வரிகளில்தான் குரல் தடுமாறியது. இந்த நாட்டின் உரிமைகளையும் சுதந்திரங்களையும் மதிப்பேன், ஜனநாயக விழுமியங்களைக் காப்பேன், சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன், குடிமகளாக என் கடமைகளை நிறைவேற்றுவேன். குடியுரிமைக்கான 24 கேள்விச் சோதனைக்குப் படித்தபோது பாடமாக இருந்தது, வாயால் சொல்லும்போது வேறு மாதிரி இருந்தது.

மகன் (கார்டிஃப்), 5:51
வாழ்த்துகள் சின்னம்மம்மா ❤️

சித்தப்பா, 6:20
வீட்டில் பாயாசம் காய்ச்சுகிறோம். ஆனால் இன்றைய தபாலில் எனக்கு ஒரு கடிதமும் வந்திருக்கிறது. ஜூரிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். கிரவுண் கோர்ட், பெரிய குற்ற வழக்குகள் நடக்கும் இடம். இரண்டு வாரம் அளவில் போகுமாம். பெற்றோல் ஷெட்டில் யார் விடுவார்கள்? எனக்கு ஆங்கிலம் விளங்காது என்று எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன்.

நான், 6:31
சித்தப்பா, தயவுசெய்து அப்படி எழுத வேண்டாம். விளங்கும் ஆங்கிலத்தை விளங்காது என்று எழுதினால் அது பொய், அதுவே குற்றம். பதில் போடாமல் விட்டால் 1000 பவுண்ட் வரை அபராதம். வேலை இடத்தில் கட்டாயம் விடத்தான் வேண்டும். ஜூரிக்குப் போனதற்காக உங்களை நிறுத்த முடியாது, அது சட்டம். சம்பளம் தராவிட்டால் கோர்ட்டில் கேட்கலாம். முதல் 10 நாளும் ஒரு நாளைக்கு 64.95 பவுண்ட் வரை கொடுப்பார்கள். முதலாளி நிரப்ப ஒரு படிவம் இருக்கிறது, கடிதத்தோடு பாருங்கள். அந்தத் தேதி உண்மையிலேயே முடியாதென்றால் ஒருமுறை தள்ளிப்போடவும் கேட்கலாம்.

சித்தப்பா, 6:35
காசு ஒரு பக்கம் மகள். ஒரு மனிதன் குற்றவாளியா இல்லையா என்று சொல்ல நான் யார்?

நான், 6:52
நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஜூரிக்குப் போனேன். ஜூரி அறை உள்ளே நடந்ததை ஒருபோதும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் தொடக்கம் திறந்த கோர்ட்டில் எல்லாரும் பார்க்க நடப்பது, அதைச் சொல்லலாம். பன்னிரண்டு பேருக்கு மேல் கூட்டிக்கொண்டு போவார்கள். அதில் பன்னிரண்டு பேரைத் தெரிய, கோர்ட் அலுவலர் பெயர் அட்டைகளைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். என் பெயரைப் பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி முதலிலிருந்து முழுதாக வாசித்தார். பிறகு எந்தப் புனித நூலின் மேல் சத்தியம் செய்வது என்று கேட்டார்கள். பகவத் கீதை என்றேன். ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். சாட்சியங்களின்படி உண்மையான தீர்ப்புச் சொல்வேன் என்று வாசிக்கும்போது, குற்றம் சாட்டப்பட்டவர் என்னை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இருந்தது ராஜாவோ மந்திரியோ இல்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பன்னிரண்டு பேர். சித்தப்பா, நாளைக்கு எங்கள் பிள்ளை ஒருவன் அந்தக் கூண்டில் நின்றால், எங்களைப் போன்ற முகம் ஒன்றாவது அந்த வரிசையில் இருக்கவேண்டும் என்று நினைக்க மாட்டீர்களா?

நான், 6:55
இன்னொன்று, இது முக்கியம். வழக்குத் தொடங்கிய பிறகு இந்தக் குழுவில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். சித்தியிடமும் கதைக்கக் கூடாது. அந்த ஆளின் பெயரை போனில் தேடிப் பார்க்கவும் கூடாது. 2015இல் இருந்து அப்படித் தேடுவது தனிக் குற்றம், சிறைக்கே போகலாம். நாங்களும் கேட்க மாட்டோம்.

பெரியம்மா (ஹரோ), 7:03
கேட்க மாட்டோம் தம்பி, சத்தியம். தங்கச்சி, நீ வோட்டுக்குப் பதிந்துவிட்டாயா?

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 7:05
சான்றிதழ் தந்தார்கள்தானே அக்கா, அவர்களே பதிய மாட்டார்களா?

பெரியம்மா (ஹரோ), 7:16
இல்லை பிள்ளை, நீயாகத்தான் பதிய வேண்டும், வீட்டில் ஒவ்வொருவரும் தனித்தனியாக. என் பிழையை நீ செய்யாதே. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வந்தால்தான் வோட்டு என்று நினைத்து 11 வருடம் சும்மா இருந்தேன். இலங்கை, இந்தியா எல்லாம் கொமன்வெல்த் நாடுகள். விசாவோடு சட்டப்படி இங்கே இருக்கும் கொமன்வெல்த் ஆட்களுக்கு அந்த உரிமை முதல் நாளிலிருந்தே இருக்கிறது. எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அந்த 11 வருடத்தில் எத்தனை தேர்தல் போயிற்று! கோயிலில் புதிதாக வந்த பிள்ளைகளைக் கண்டால் இப்போது முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அப்பா 1931 கதை சொல்வாரே, நினைவிருக்கிறதா? இங்கே பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமாக வோட்டுக் கிடைத்தது 1928இல். மூன்றே வருடத்தில் இலங்கையில் எங்கள் பெண்களுக்கும் கிடைத்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். முழுச் சுயராஜ்யம் வேண்டும் என்ற நல்ல நோக்கம்தான். ஆனாலும் 1934 வரைக்கும் சபையில் எங்கள் கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன.

அண்ணி (லூஷம்), 7:30
மாமி, நான் ஒன்று சொல்லவா. நான் அட்டனில் பிறந்தவள். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தோடு, இந்திய வம்சாவளித் தேயிலைத் தோட்டத் தொழிலாளியான எங்கள் பாட்டிக்கு நாடே இல்லாமல் போயிற்று. அடுத்த வருடம் வோட்டும் போயிற்று. அதே மலையில் கொழுந்து எடுத்தார், அதே லயத்து வரிசை வீட்டில் இருந்தார், ஆனால் தேர்தல் நாளில் அவருக்கு வேலை இல்லை. மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார். அதனால்தான் என் சான்றிதழைச் சாமித்தட்டில் வைத்திருக்கிறேன். வோட்டுப் போடும் நாளில் விளக்கு வைத்துவிட்டுத்தான் போவேன்.

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 7:34
இதை நீ ஒருநாளும் எனக்குச் சொன்னதில்லையே அம்மா.

அண்ணி (லூஷம்), 7:35
இன்றைக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது சித்தி.

மகன் (கார்டிஃப்), 7:41
நானும் பதிந்துவிட்டேன். வேல்ஸில் 16 வயதிலேயே செனெத் எனும் வேல்ஸ் பாராளுமன்றத் தேர்தலுக்கும் கவுன்சில் தேர்தலுக்கும் வோட்டுப் போடலாம்.

பெரியம்மா (ஹரோ), 7:43
என் ராசா. பார்த்தீர்களா, வீட்டில் சின்னவன் முந்திவிட்டான்.

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 7:50
எனக்கு இன்னும் புதுப் பாஸ்போர்ட் வரவில்லை. வோட்டுப் போட அடையாள அட்டை கேட்பார்களே?

நான், 7:54
பதிவதற்கு அது தேவையில்லை சித்தி, நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கையில் இருந்தால் ஐந்து நிமிட வேலை. சாவடியில்தான் படம் உள்ள அட்டை கேட்பார்கள், 2023இல் இருந்து. டிரைவிங் லைசென்ஸ் போதும். பெரியம்மாவுக்கு ஃப்ரீடம் பாஸே, அந்த இலவசப் பயண அட்டையே போதும். ஒன்றும் இல்லாதவர்களுக்கு அதற்கென்றே ஒரு வாக்காளர் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும். இலங்கைக் குடியுரிமையை மறுபடி பெற விரும்பினால் அதற்குத் தனி விண்ணப்பம், அதை ஞாயிறு வரும்போது பார்ப்போம்.

சித்தி (ஈஸ்ட்ஹாம்), 8:26
பதிந்துவிட்டேன். அண்ணியின் பாட்டியை நினைத்துக்கொண்டுதான் கடைசிப் பொத்தானை அழுத்தினேன்.

அண்ணி (லூஷம்), 8:27
🙏🏽

சித்தப்பா, 9:10
ஜூரிக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன், விளங்குகிறது. ஏழு நாளுக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள். வருகிறேன் என்று இப்போதே ஒன்லைனில் போட்டுவிட்டேன். படிவத்தை நாளைக் காலை முதலாளியிடம் கொடுக்கிறேன். மகள், கீதை வேண்டும் என்று அங்கே போய்ச் சொன்னால் போதுமா, வீட்டில் இருப்பதைக் கொண்டுபோக வேண்டுமா?

நான், 9:12
அங்கேயே வைத்திருப்பார்கள் சித்தப்பா.