தீயணைப்பு வீரருக்குப் புற்றுநோய்: கிளெய்ம் முடிவைத் தள்ளிவைத்து கடிதம் வந்திருக்கிறது, என்ன செய்யலாம்? (கலிபோர்னியா)

கயல்

வணக்கம். என் கணவர் இங்கே ஒரு கவுண்டி தீயணைப்புத் துறையில் 14 வருஷமாக வேலை பார்க்கிறார். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் என்று உறுதியாகிவிட்டது. இழப்பீட்டுக்கான டிடபிள்யூசி-1 படிவத்தைக் கொடுத்து ஆறு வாரம் ஆகிறது. இப்போது, முடிவைத் தள்ளிவைத்திருப்பதாகக் கடிதம் வந்திருக்கிறது. கூடவே, எந்த மருத்துவமனையிலிருந்தும் எந்த ஆவணத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அனுமதிப் படிவம். இன்னொன்று நீளமான கேள்வித்தாள்: குடும்பத்தில் யாருக்குப் புற்றுநோய், எத்தனை வருஷம் சிகரெட் என்றெல்லாம். இவர் இளவயதில் சில வருஷம் புகைத்தவர்.

கிளெய்மைக் கவனிக்கும் அதிகாரி (அட்ஜஸ்டர்) போனில், "வேலையால்தான் இந்த நோய் வந்தது என்று டாக்டர் எழுதித் தரணும்" என்கிறார். சிறுநீரகவியல் டாக்டரோ (யூராலஜிஸ்ட்) அப்படி உறுதியாக எழுத முடியாது என்கிறார். இப்போதைக்கு சிக் லீவில்தான் சம்பளம் ஓடுகிறது. கிளெய்ம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்பரசு

பயப்படாதீங்க சகோதரி. அட்ஜஸ்டர் கேட்பது சாதாரணத் தொழிலாளிக்கான விதி. உங்கள் கணவருக்கு அது பொருந்தாது.

கலிபோர்னியா தொழிலாளர் சட்டத்தில் 3212.1 என்று ஒரு பிரிவு இருக்கிறது. பொதுத்துறைத் தீயணைப்பு வீரர்களும் அதில் குறிப்பிட்ட வகைக் காவல் அதிகாரிகளும் அதற்குள் வருவார்கள். பணிக்காலத்தில் புற்றுநோய் வெளிப்பட்டு, புற்றுநோய் உண்டாக்கும் என்று அறியப்பட்ட ஒரு பொருளுக்குப் பணியில் ஆட்பட்டதையும் காட்டிவிட்டால், நோய் வேலையால் வந்தது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். "இந்தப் புகைதான் இந்தக் கட்டிக்குக் காரணம்" என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். அதை மறுக்க வேண்டியது கவுண்டியின் வேலை. மறுப்பதும் சுலபமில்லை. கட்டி முதலில் தோன்றிய உறுப்பு எது என்று நிறுவ வேண்டும். அந்தப் பொருளுக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் நியாயமான தொடர்பு இல்லை என்றும் காட்ட வேண்டும். "தொடர்புக்கு ஆதாரம் கிடைக்கவில்லை" என்று சொல்லி நிறுத்திக்கொண்டால் போதாது, தொடர்பு இல்லை என்பதற்கே ஆதாரம் வேண்டும். 2005-ல் லாங் பீச் நகரம் சம்பந்தப்பட்ட வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அதனால் யூராலஜிஸ்டிடம் "வேலையால் வந்தது" என்று எழுதச் சொல்லி மன்றாட வேண்டாம். அவரிடமிருந்து தேவைப்படுவது வேறு: நோயின் பெயர், எந்த உறுப்பில் தொடங்கியது, எந்தத் தேதியில் உறுதியானது, பயாப்ஸி அறிக்கை, எந்த நாளிலிருந்து வேலைக்குப் போக முடியாது. இவ்வளவு எழுதிக் கொடுத்தாலே போதும், இதற்கு எந்த டாக்டரும் தயங்க மாட்டார்.

சிறுநீர்ப்பை என்பதால் உங்கள் பக்கம் இன்னும் பலம். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை (ஐஏஆர்சி) 2022-ல் தீயணைப்புப் பணியையே முதல் தொகுதியில் சேர்த்துவிட்டது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவை மட்டும்தான் அந்தத் தொகுதியில் இருக்கும். போதுமான சான்று இருப்பதாக அது சொன்னது இரண்டே புற்றுநோய்களுக்கு: மீசோதீலியோமா (நுரையீரல் போன்ற உறுப்புகளைச் சுற்றியுள்ள சவ்வில் வரும் புற்றுநோய்), சிறுநீர்ப்பைப் புற்றுநோய்.

தாமரை

அன்பரசு சொன்னதோடு நாள் கணக்கையும் பாருங்கள். சாதாரண கிளெய்முக்கு 90 நாள் அவகாசம். வேலையால் வந்தது என்று சட்டமே எடுத்துக்கொள்ளும், அதாவது சட்ட அனுமானம் உள்ள, இந்த மாதிரி நோய்களுக்கு எஸ்பி 1127 சட்டம் வந்தபின், 2023 தொடக்கத்திலிருந்து, 75 நாள்தான். நிரப்பிய டிடபிள்யூசி-1 படிவம் முதலாளியிடம் சேர்ந்த தேதியிலிருந்து எண்ணணும். நோய் உறுதியான தேதியோ கடிதம் வந்த தேதியோ கணக்கில் வராது. 75 நாளுக்குள் நிராகரிக்கவில்லை என்றால் இழப்பீட்டுக்குரிய நோய் என்றே கொள்ளப்படும். அதற்குப் பிறகு மறுக்க நினைத்தால், அந்தக் கெடு முடிந்தபின் புதிதாகக் கிடைத்த ஆதாரத்தை வைத்து மட்டும்தான் முடியும். கடிதத்தில் 90 நாள் என்று போட்டிருந்தால், 75 தான் என்று எழுத்தில் பதில் போடுங்கள். பழைய மாதிரிக் கடிதத்தையே தேதி மாற்றி அனுப்புவது நடக்கிற விஷயம்.

முதலாளி தன் பகுதியை நிரப்பித் தேதி போட்டுத் திருப்பித் தந்த நகல் கையில் இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள். படிவம் எப்போது வந்தது என்ற சண்டையில்தான் நல்ல கிளெய்ம்கள் மாசக்கணக்கில் கிடக்கின்றன.

படிவத்தில் "காயம் ஏற்பட்ட தேதி" என்ற இடத்தில் என்ன எழுதினீர்கள்? பலர் பயாப்ஸி தேதியை எழுதிவிடுவார்கள். இது ஒரே நாளில் நடந்த விபத்து இல்லை, பல வருஷம் சேர்ந்து வந்த பாதிப்பு. வேலையில் சேர்ந்த நாள் முதல் கடைசியாக வேலை பார்த்த நாள் வரை என்று காலமாக எழுதணும். பாதிப்பு என்ற இடத்தில் "சிறுநீர்ப்பைப் புற்றுநோய், தீயணைப்புப் பணியில் புற்றுநோய்க் காரணிகளுக்கு ஆட்பட்டது" என்று இருக்கட்டும். தவறாக எழுதியிருந்தால் திருத்திய படிவம் கொடுக்கலாம், ஆனால் பழையதைக் கொடுத்த தேதிக்கான சான்றைத் தொலைத்துவிடாதீர்கள்.

கயல்

ரொம்ப நன்றி. பயாப்ஸி தேதியைத்தான் எழுதியிருக்கிறோம், திருத்திவிடுகிறேன். நகல் இருக்கிறது. சிகரெட் விஷயத்தை எழுதணுமா? அந்த அனுமதிப் படிவத்தில் கையெழுத்துப் போடலாமா?

அன்பரசு

சிகரெட்டை மறைக்கவே மறைக்காதீர்கள். பழைய மருத்துவக் குறிப்பில் எங்காவது இருக்கும். பலன் பெறுவதற்காகத் தெரிந்தே பொய் சொன்னால் இங்கே அது குற்றம், அதோடு அவர் சொல்லும் வேறு எதையும் நம்ப மாட்டார்கள். எத்தனை வருஷம், எப்போது விட்டார் என்று உள்ளபடி எழுதுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தது என்பது மட்டும் அனுமானத்தை உடைக்காது. சிகரெட்டும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதால், பணியில் சுவாசித்த புகைக்குத் தொடர்பே இல்லை என்று ஆகிவிடாது. நிரந்தரக் குறைபாட்டைக் கணக்கிடும்போதும் "பாதி சிகரெட்டால்" என்று பிரித்துக் கழிக்க முடியாது. இந்த அனுமானத்துக்குள் வரும் நோய்களுக்கு அப்படிப் பங்கிடுவதை 4663 பிரிவு தடுக்கிறது.

அனுமதிப் படிவத்தில் அப்படியே கையெழுத்து வேண்டாம். எந்த மருத்துவமனைகள், எந்தக் காலம், எந்த உறுப்பு சம்பந்தப்பட்டது என்று வரையறுத்து எழுதித் திருப்பி அனுப்புங்கள். சிறுநீரகவியல், புற்றுநோய் சிகிச்சை, முன்பு சிறுநீரில் ரத்தம் வந்து பார்த்த குறிப்புகள் எல்லாம் கொடுக்க வேண்டியவைதான். மனநல ஆலோசனைக் குறிப்பும் பல் வைத்தியமும் இதில் எதற்கு? முழுவதுமாக மறுத்தாலும் தப்பு. ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவைப்பார்கள். வாக்குமூலத்தைப் பதிவு செய்யணும் என்று கேட்டால், வழக்கறிஞர் வைத்தபின் அவர் கூட இருக்கும்போது கொடுப்பதாகச் சொல்லுங்கள்.

இளவழுதி

ஆட்பட்டதற்கான ஆதாரம் பற்றி யாரும் சொல்லவில்லை. நீங்கள் காட்ட வேண்டியது அது ஒன்றுதான், அதை வலுவாகக் காட்டுங்கள்.

"14 வருஷம் தீயணைப்பு வேலை" என்று ஒரு வரி எழுதினால் பலவீனம். தீ விபத்து அறிக்கைகள், ஸ்டேஷன் பதிவேடு, டிஸ்பாட்ச் பதிவுகள் மூன்றையும் எழுதிக் கேளுங்கள். தொழிற்சங்கம் மூலமாகத் தனிப்பட்ட ஆட்படல் பதிவு வைத்திருந்தால் அதுவும். கலிபோர்னியாவின் தொழில் பாதுகாப்பு விதி 3204-ன்படி, ஊழியர் தன் ஆட்படல் பதிவுகளையும் மருத்துவப் பதிவுகளையும் கேட்டால் முதலாளி 15 நாளுக்குள் பார்க்கக் கொடுக்கணும். வருஷா வருஷம் எடுத்த உடல் பரிசோதனையும் இதில் கிடைக்கும்; பழைய சிறுநீர்ப் பரிசோதனைகள் சுத்தமாக இருந்தால், நோய் பணிக்காலத்தில் வெளிப்பட்டதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

பிறகு அவரிடம் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். வீட்டுத் தீ, வாகனத் தீ, காட்டுத் தீ, குப்பைத் தீ தோராயமாக வருஷத்துக்கு எத்தனை. தீ அடங்கியபின் சுவரையும் கூரையையும் பிரித்துக் கங்கு தேடும்போது முகமூடி கழற்றியிருந்தாரா. கண்ணுக்குப் புகை தெரியாத அந்த நேரத்திலும் பென்சீனும் ஃபார்மால்டிஹைடும் காற்றில் இருக்கும். வண்டி நிறுத்தும் இடத்தில் டீசல் புகையை வெளியேற்றும் குழாய் எந்த வருஷம் பொருத்தினார்கள், அதற்கு முன் தூங்கும் அறைக்குப் புகை வந்ததா. கரி படிந்த உடுப்பை எங்கே வைத்தார், எப்போது துவைத்தார். கரியில் உள்ள பாலிசைக்ளிக் சேர்மங்கள் தோல் வழியாகவும் உள்ளே போகும், கழுத்து, தாடை ஓரம் எல்லாம். டீசல் புகையும் பென்சீனும் ஐஏஆர்சி முதல் தொகுதியில் உள்ளவை. பொருளின் பெயர், எங்கே, எப்படி என்று மூன்றும் ஒரே வரியில் இருக்கட்டும்.

செந்தில்

இடையில் ஒரு சந்தேகம். என் தம்பி தனியார் ஆம்புலன்ஸில் பாராமெடிக். அவனுக்கும் இந்தப் பிரிவு பொருந்துமா?

தாமரை

பொருந்தாது தம்பி. பொதுத்துறைத் தீயணைப்பு, சட்டத்தில் எண் போட்டுச் சொன்ன காவல் அதிகாரிகள் என்று அது குறுகலான பட்டியல். தனியார் ஆம்புலன்ஸ் ஊழியர் கிளெய்ம் போடலாம், ஆனால் வேலைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவ அறிக்கையோடு அவரேதான் நிரூபிக்கணும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

இளவழுதி

கயல், அடுத்து வரப்போவது கியூஎம்இ, அதாவது மாநிலத் தகுதி பெற்ற மதிப்பீட்டு மருத்துவர். கிளெய்ம்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

வழக்கறிஞர் இல்லாதவருக்கு அட்ஜஸ்டர் ஒரு விண்ணப்பப் படிவம் அனுப்புவார். 10 நாளுக்குள் நீங்கள் அனுப்பாவிட்டால், எந்தத் துறை மருத்துவர் என்பதை அவரே தேர்ந்தெடுத்து அனுப்பிவிடலாம். புற்றுநோய்த் துறை என்று நீங்களே குறித்து அனுப்புங்கள். மூன்று பெயர் வரும். அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்து நேரம் வாங்கவும் 10 நாள்தான்.

எந்த ஆவணம் டாக்டருக்குப் போனாலும் 20 நாள் முன்பே எதிர்த்தரப்புக்கும் போகணும். அட்ஜஸ்டர் அனுப்பும் முகப்புக் கடிதம் உங்களுக்கும் வரும், வரி வரியாகப் படியுங்கள். "வேலை காரணமாக இருக்க மருத்துவ ரீதியில் அதிக வாய்ப்பு உண்டா?" என்று மட்டும் கேட்டிருந்தால், கேள்வியே தப்பு. டாக்டர் "உறுதியாகச் சொல்ல இயலாது" என்று எழுதுவார், அதை வைத்து நிராகரிப்பார்கள். உங்கள் கடிதத்தில் 3212.1 பிரிவின் வாசகத்தை இணைத்து இப்படிக் கேளுங்கள்: நோய் தொடங்கிய உறுப்பு எது? இந்தப் பொருள்களில் ஏதாவது ஒன்றுக்கும் இந்தப் புற்றுநோய்க்கும் நியாயமான தொடர்பு *இல்லை* என்று நிறுவ மருத்துவ ஆதாரம் உண்டா? உண்டென்றால் எது? தீயில் ஆட்பட்டதற்கும் கட்டி வந்ததற்கும் இடையே போதிய காலம் ஆகவில்லை என்ற வாதம் வழக்கமாக வரும். 14 வருஷப் பணியில் அது எடுபடுவது கடினம், ஆனால் முதல் வருஷத்துத் தீ விபத்துகளும் பட்டியலில் இருக்கணும்.

கயல்

சம்பளம்? சிக் லீவ் சீக்கிரம் தீர்ந்துவிடும். கட்டியை நீக்கியாயிற்று, இனி சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து வாரம் ஒன்றாக ஆறு முறை என்கிறார்கள்.

தாமரை

கிளெய்ம் ஏற்கப்பட்டால் 4850 பிரிவுப்படி வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஒரு வருஷம் வரை முழுச் சம்பளம், வருமான வரி இல்லாமல். அதற்குப் பிறகு தற்காலிக இயலாமைத் தொகை, சராசரி வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, உச்சவரம்புக்கு உட்பட்டு. மற்ற நோய்களுக்கு இது பொதுவாக 104 வாரம், 3212.1 புற்றுநோய்க்கு 240 வாரம் வரை. இப்போது கழிகிற சிக் லீவை, ஏற்றபின் திருப்பி வரவு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். அதனால் ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் எடுத்து வையுங்கள்.

சிகிச்சைக்கு, முடிவு வரும்வரை 10,000 டாலர் வரை அவர்களே கொடுக்கணும். படிவம் கொடுத்த ஒரு வேலைநாளுக்குள் தொடங்க வேண்டிய கடமை அது, பலர் கேட்பதே இல்லை. கேட்க டாக்டர் ஆர்எஃப்ஏ என்ற சிகிச்சை அனுமதிக் கோரிக்கைப் படிவத்தில் அனுப்பணும். சாதாரணச் சீட்டில் எழுதினால் கோரிக்கையாகவே எடுக்க மாட்டார்கள். புற்றுநோய்ச் செலவுக்கு அந்தத் தொகை நிற்காது, எனவே உங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டை நிறுத்தாதீர்கள். பின்னால் அந்த நிறுவனம் கவுண்டியிடம் வசூலித்துக்கொள்ளும். இந்த நோய்க்கு சிறுநீர்ப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் உள்நோக்கிப் பரிசோதனை வருஷக்கணக்கில் தொடரும். யாராவது மொத்தமாக ஒரு தொகை கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றால், எதிர்கால சிகிச்சை உரிமை அதோடு போய்விடும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓய்வுபெறச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினாலும் கையெழுத்துப் போட வேண்டாம். பணியால் வந்த இயலாமைக்கான ஓய்வூதியம் தனி விண்ணப்பம், தனி வாரியம்.

அன்பரசு

நிராகரித்தால் அதோடு முடிந்துவிடாது. இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியத்தில் தீர்ப்பு கோரும் விண்ணப்பம் போடணும், பொதுவாக ஒரு வருஷக் கெடு. நியாயமில்லாமல் நிராகரித்தது என்று ஆனால், தாமதித்த பலன்களின் ஐந்து மடங்கு வரை, 50,000 டாலர் உச்சவரம்போடு அபராதம் உண்டு. இதுவும் எஸ்பி 1127-ல் வந்ததுதான். வழக்கறிஞருக்கு முன்பணம் கிடையாது. கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு, வழக்கமாக 15 சதவீதம், நீதிபதி அனுமதித்தால்தான். தீயணைப்பு வீரர் வழக்குகள் பார்த்தவரா என்று கேட்டு, சங்கத்தின் மூலம் தேடுங்கள். அதற்கு முன் இலவசமாகக் கேட்க, மாநில இழப்பீட்டுப் பிரிவின் ஒவ்வொரு மாவட்ட அலுவலகத்திலும் தகவல் உதவி அதிகாரி இருக்கிறார்.

கயல்

படிவ நகலைப் பார்த்துவிட்டேன், முதலாளி போட்ட தேதி தெளிவாக இருக்கிறது. கடிதத்தில் 90 நாள் என்றுதான் போட்டிருக்கிறார்கள்.

தாமரை

அப்படியானால் இன்றைக்கே எழுதுங்கள். கிளெய்ம் எண், படிவம் சேர்ந்த தேதி, இது 3212.1-க்குள் வரும் புற்றுநோய், எனவே 5402 பிரிவின்படி அவகாசம் 75 நாள், அது முடியும் தேதி. நாலு வரி போதும். ரசீதோடு வரும் பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று. திருத்திய டிடபிள்யூசி-1, வரையறுத்த அனுமதிப் படிவம் இரண்டையும் அதோடு இணைத்துவிடுங்கள், தகவல் தரவில்லை என்ற சாக்கு இருக்காது.