அணைப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள்: ரோட்டரி எஞ்சினோடு எங்கள் அனுபவங்கள்

ஸ்கார்பரோ, கனடா

என்னிடம் இருப்பது 2005ஆம் ஆண்டின் மாஸ்டா ஆர்எக்ஸ்-8. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண வடிவ ரோட்டர் சுழலும் ரோட்டரி எஞ்சின் கார். பழைய காராகத்தான் வாங்கினேன். விற்றவர் நல்ல மனிதர். இந்த எஞ்சின் எண்ணெய் குடிக்கும், இரண்டு தடவை பெற்றோல் நிரப்பினால் ஒரு தடவையாவது எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பாருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அணைப்பதைப் பற்றி அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. காரை அணைப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஜனவரி மாதத்து இரவு. வெளியே மைனஸ் 17 பாகை. தம்பி இரவு வேலைக்குப் புறப்பட்டான். அவனுடைய கார் உள்ளே நின்றது, என்னுடையது அதை மறித்துக்கொண்டு பின்னால். சப்பாத்தைக்கூடச் சரியாகப் போடாமல் ஓடிப்போய்க் காரைத் தெருவுக்கு எடுத்தேன். அவன் போனதும் பழைய இடத்தில் கொண்டுவந்து விட்டு, குளிர் தாங்காமல் உடனே திறப்பைத் திருப்பி அணைத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். எஞ்சின் மொத்தமாக ஒரு நிமிடம் ஓடியிருக்கும்.

காலையில் எஞ்சின் சுற்றியது, பற்றவில்லை. சுற்றும் சத்தமே வேறாக இருந்தது. வழக்கமாக மூச்சு வாங்குவதுபோல விட்டுவிட்டுக் கேட்கும். அன்றைக்கு எந்தத் தடையும் இல்லாமல் ஒரே இழுவையாக, வேகமாகக் கேட்டது. காரைச் சுற்றிலும் பெற்றோல் மணம். விடாமல் முயன்று பற்றரியையும் தீர்த்துவிட்டேன். அது நான் செய்த இரண்டாவது பிழை: ஒவ்வொரு முயற்சியும் உள்ளே இன்னும் கொஞ்சம் பெற்றோலைக் கொட்டிக்கொண்டிருந்தது.

இழுத்துக்கொண்டு போன முதல் கராஜில் ஒருவர் காதை வைத்துக் கேட்டுவிட்டு, எஞ்சின் போய்விட்டது, வேறு போட வேண்டும் என்றார். அவர் சொன்ன தொகை, நான் காருக்குக் கொடுத்ததைவிட அதிகம். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிறகு ஒரு நண்பர், ரோட்டரி மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரிடம் அனுப்பினார். ட்ரினிடாட்டிலிருந்து வந்தவர், தனியாள்.

அவர் இடது முன் சக்கரத்தைக் கழற்றி, அந்த வழியாகக் கையை விட்டு நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்தார். இந்த எஞ்சினில் ரோட்டர் இரண்டு, ரோட்டருக்குப் பிளக் இரண்டு. நான்கும் குளித்துவிட்டு வந்தவைபோல் சொட்டின. பெற்றோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு எஞ்சினைச் சுற்றவிட்டார். பிளக் துளைகளிலிருந்து பெற்றோல் புகாராகப் பீச்சியது. அது நின்ற பிறகு ஒவ்வொரு துளையிலும் சிறிதளவு எஞ்சின் எண்ணெய் விட்டு, கையால் ஒரு சுற்றுச் சுற்றி, உலர்ந்த பிளக்குகளைப் போட்டு, நிறைவாக ஏற்றிய பற்றரியைப் பூட்டினார். ஃபியூஸைத் திரும்பப் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டு சுற்று என்றார். அப்படி மிதித்தால் சுற்றும்போது கணினி பெற்றோல் விடாது, காற்று மட்டும் போகும். பத்து விநாடி சுற்றிக் காலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது. தெரு முழுவதும் வெண்புகை. எதிர் வீட்டுக்காரர் தீயென்று பயந்து வெளியே வந்துவிட்டார்.

போய்விட்டது என்று கைகழுவப்பட்ட எஞ்சின் அது. இன்றும் நிமிடத்துக்கு 9000 சுற்றுவரை ஏறுகிறது.

காரணத்தையும் அந்தப் பெரியவர்தான் விளக்கினார். பிஸ்டன் எஞ்சினில் வளையங்கள் செய்யும் வேலையை இங்கே ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள மெல்லிய உலோகப் பட்டைகள் செய்கின்றன. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். அவற்றுக்கும் சுவருக்கும் இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால்தான் காற்று அடைபட்டு அழுத்தம் உண்டாகும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கணினி அளவுக்கு அதிகமாகப் பெற்றோல் கொடுக்கிறது, ஏனென்றால் குளிரில் அது எளிதில் ஆவியாகாது. அந்த நேரத்தில் அணைத்தால் எரியாத பெற்றோல் உள்ளேயே தங்கி, சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுகிறது. அடுத்த நாள் மேலும் பெற்றோல் வருகிறது, பிளக் நனைகிறது, அழுத்தமும் இல்லை. நடுத்தண்டு மூன்று முறை சுற்றினால்தான் ரோட்டர் ஒரு முறை சுற்றும். ஸ்டார்ட்டர் நிமிடத்துக்கு 250 சுற்றுச் சுற்றினாலும் ரோட்டருக்குக் கிடைப்பது 83தான். அந்த வேகத்தில் சீல்களைச் சுவரோடு அழுத்த மெல்லிய ஸ்பிரிங்குகளும் எண்ணெயும் தவிர வேறு துணை இல்லை.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். கிளப்பினால் சூடாகும்வரை அணைக்காதீர்கள். பத்தடி நகர்த்தக் கிளப்பினாலும் சரி.

கவென்ட்ரி, இங்கிலாந்து

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படிக்கும்போது என் அடிவயிறு கலங்கியது. எனக்கு இது நடந்தது நல்ல ஜூன் மாதத்தில். கையால் கார் கழுவும் இடத்தில் விட்டிருந்தேன். அங்கே தண்ணீர் அடிக்க ஓரிடம், துடைக்க ஓரிடம், உள்ளே தூசி உறிஞ்ச இன்னோரிடம். பையன்கள் ஒவ்வொரு முறையும் கிளப்பி, நாலடி நகர்த்தி, அணைத்திருக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் கார் பிணமாக நின்றுவிட்டது. அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. எந்தக் காரிலும் அப்படித்தானே செய்வார்கள்? சொல்லியிருக்க வேண்டியவன் நான். இப்போது வருடாந்தரச் சோதனைக்கு விட்டாலும் டயர் மாற்ற விட்டாலும், “குளிர்ந்திருக்கும்போது அணைக்காதீர்கள், முடியாவிட்டால் தள்ளுங்கள்” என்று எழுதிய அட்டையை ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். நியூட்ரலில் போட்டு இரண்டு பேர் தள்ளினால் நகராத கார் இல்லை.

அணைக்கும் முறையில் நான் செய்வதைச் சொல்கிறேன். ஊசி நடுவுக்கு வந்ததும் உடனே அணைப்பதில்லை. ஆர்எக்ஸ்-8இன் சூடு காட்டும் ஊசி சீக்கிரமே நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு அதற்குப் பிறகு அசையவே அசையாது. அதை நம்பி ஏமாறாதீர்கள். இன்னும் சில நிமிடம் ஓட்டுவேன். நிறுத்திய பிறகு நியூட்ரலில் 3000 சுற்றுக்கு ஏற்றிப் பத்து விநாடி பிடிப்பேன். காலை எடுத்து, சுற்று கீழிறங்கி அமைதியானதும் சாவியைத் திருப்புவேன். சிலர் சுற்று இறங்கிக்கொண்டிருக்கும்போதே அணைக்கிறார்கள்: பெட்ரோல் நின்ற பிறகும் ரோட்டர் வேகத்தோடு சில சுற்றுச் சுற்றி மிச்சத்தைத் துடைத்து வெளியே தள்ளிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. வேறு வழியின்றிக் குளிரிலேயே அணைக்க நேர்ந்தால் நானும் அதையே செய்கிறேன். நன்றாகச் சூடேறிய எஞ்சினுக்கு அது தேவையென்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு வேண்டுகோள். சூடேற்றுகிறேன் என்று மூடிய கேரேஜுக்குள் எஞ்சினை ஓடவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. வெளியே எடுத்துத் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். நின்றபடி ஓடுவதைவிட விரைவில் சூடாகும்.

மெல்பர்ன், ஆஸ்திரேலியா

தம்பிகளே, நான் இந்த எஞ்சினோடு வாழத் தொடங்கியது 1987ஆம் ஆண்டின் ஆர்எக்ஸ்-7இல். 1991இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு ரோட்டர் கொண்ட மாஸ்டா 787பி கார் வென்ற செய்தியைக் கேட்டபோது என் வீட்டு வாசலில் நின்ற காரைப் போய்த் தடவிக் கொடுத்தேன்.

இப்படி உள்ளே பெட்ரோல் தேங்கி எஞ்சின் கிளம்பாமல் போவதைத்தான் வெள்ளம் என்போம். என் ஆர்எக்ஸ்-7இல் வெள்ளம் வேறு வழியாக வரும். நீங்கள் சரியாகச் சூடேற்றி அணைத்தாலும், குழாயில் அழுத்தத்தோடு நிற்கும் பெட்ரோல், பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்கள் தேய்ந்திருந்தால் அவற்றின் வழியே இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். காலையில் கதை முடிந்திருக்கும். அதற்கு அந்தக் காலத்தில் பலரும் செய்த வேலை, பெட்ரோல் பம்புக்குப் போகும் மின்கம்பியில் ஒரு சுவிட்ச் வைப்பது. வீட்டுக்கு வந்து நிறுத்தியதும், எஞ்சின் நிதானமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே சுவிட்சைத் தட்டுவேன். குழாயிலுள்ளதைக் குடித்து முடித்துத் தானாக அணையும். அதன் பிறகுதான் சாவி. பதினொரு ஆண்டு அப்படி ஓட்டினேன். என் மனைவிக்கும் அந்தச் சுவிட்ச் கைப்பழக்கமாகிவிட்டது. கடைசியில் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து அவற்றின் சீல்களை மாற்றியதும் சுவிட்ச் தேவைப்படவில்லை. முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

கியர் கையால் மாற்றும் காராக இருந்தால், வெள்ளமான எஞ்சினை இறக்கத்தில் உருட்டி இரண்டாம் கியரில் கிளட்சை விட்டுப் பிடிக்கவைக்கவும் முடியும். ஸ்டார்ட்டரைவிட வேகமாகச் சுற்றுவதால் அழுத்தம் கிடைத்துவிடுகிறது. ஆனால் உள்ளே தேங்கிய பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் எரியும். புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உள்ள காருக்கு அது நல்லதில்லை. பிளக்கைக் கழற்றி உலர்த்துவதே மேல். கழற்றும்போது எது லீடிங், எது டிரெய்லிங் என்று குறித்துக்கொள்ளுங்கள். கீழே உள்ளது லீடிங், மேலே உள்ளது டிரெய்லிங். ஆர்எக்ஸ்-8இல் இரண்டும் வேறு வகைப் பிளக்குகள். மாற்றிப் போட்டுவிட்டு எஞ்சினைக் குறைசொன்னவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கொழும்பு

இங்கே வெயில். பனியும் இல்லை, மைனஸ் பாகையும் இல்லை. ஆகவே இது குளிர்நாட்டுக்காரர்களின் தலைவலி என்று நம்பியிருந்தேன். என் ஆர்எக்ஸ்-8 ஓராண்டில் மூன்று தடவை வெள்ளமானது. ஒவ்வொரு தடவையும் பிளக்கைக் கழற்றி, உலர்த்தி, எண்ணெய் விட்டு எழுப்பினோம். நான்காவது தடவைதான் ஏன் என்று கேட்டேன். ஒழுங்காக அணைத்தும் வெள்ளமானால் அணைப்பதில் பிழையில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

முதலில் இக்னிஷன் கொயில்கள். இந்தக் காரில் அவை நீண்ட காலம் உழைப்பதில்லை. பொறி பலவீனமானால் பெற்றோல் எரியாமல் தங்கும். நான்கையும் மாற்றினேன், பாதி குணம். மிச்சப் பாதி, ஸ்டார்ட்டர். மாஸ்டா நிறுவனமே பின்னாளில் இந்தக் காருக்கு வேகமாகச் சுற்றும் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. அதை வாங்கிப் பூட்டினேன்.

அத்தோடு அழுத்தத்தையும் அளந்து பார்க்கச் சொன்னார்கள். இதற்கு ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும். சாதாரணக் கருவி, ரோட்டரின் மூன்று முகங்களில் மிகப் பெரிய அளவு எதுவோ அதை மட்டும் காட்டும். ஒரு முகம் செத்திருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. 250 சுற்றில் ஒவ்வொரு முகத்துக்கும் 680 கிலோபாஸ்கலாவது இருக்க வேண்டும். என்னுடையதில் ஆறு முகங்களும் அதற்கு மேலே இருந்தன. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இன்னொரு அடையாளம் சொல்லித் தருகிறேன். குளிர்ந்திருக்கும்போது கிளம்பாவிட்டால் பெரும்பாலும் வெள்ளம். ஓட்டிவந்து சூடாக நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துக் கிளப்பும்போது இழுத்துக்கொண்டே இருந்தால் சீல்கள் தேய்ந்திருக்கின்றன. அதற்கு எந்த அணைக்கும் முறையும் மருந்தாகாது.

மறுபடியும் ஸ்கார்பரோ

கொழும்பு அண்ணா, நீங்கள் சொன்னபடி அழுத்தம் பார்க்க அடுத்த வாரம் நாள் குறித்திருக்கிறேன். கவென்ட்ரித் தம்பியின் அட்டையை நானும் எழுதி, தமிழிலும் ஒன்று எழுதி வீட்டில் திறப்பு மாட்டும் கொக்கியில் தொங்கவிட்டேன். நேற்றிரவு நான் தூங்கிவிட்டேன். தம்பிதான் என் காரை நகர்த்தியிருக்கிறான். பன்னிரண்டு நிமிடம் வட்டாரத்தைச் சுற்றி வந்து, சூடாக்கி அணைத்துவிட்டு, வேலைக்குத் தாமதமாகப் போயிருக்கிறான். காலையில் முதல் திருப்பிலேயே பிடித்தது.