தேளி மீன்: பெயர்ப்பொருளும் வழக்கும் குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். நன்னீர் மீன்களின் ஊர்வழக்குப் பெயர்களைத் தொகுத்து வருகிறேன். அதில் தேளி என்ற பெயரில் வந்து நின்றுவிட்டேன். நான் குறிப்பிடுவது, நான்கு இணை மீசைகளும் மார்புத் துடுப்பில் நச்சு முள்ளும் கொண்ட, சேற்றில் வாழும் கருஞ்சிவப்பு மீனை. 1794இல் பிளாக் என்ற செருமானிய அறிஞர் தரங்கம்பாடியிலிருந்து கிடைத்த மீனைக் கொண்டே இதை முதன்முதலில் விவரித்தார்.

கூன் என்பது கூனி ஆனதுபோல, தேள் என்பதோடு இகர விகுதி சேர்ந்து தேளி ஆயிற்று என்றே நான் கருதுகிறேன். வங்காளியிலும் இம்மீனின் பெயர், கொம்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து 'சிங்கி' என வழங்குவதால், முள்ளை வைத்தே மக்கள் பெயரிட்டனர் என்பது வலுப்பெறுகிறது. எங்கள் ஊர்ச் சந்தையில் மீன் அரியும் அம்மா ஒருவர், சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரு பக்க முள்ளையும் அரிவாள்மணையில் ஒடித்த பிறகே வேறு வேலை பார்ப்பார். அவர் "தேளி கொட்டும்" என்கிறார். "குத்தும்" என்று சொல்வதில்லை. தேளுக்குரிய வினை மீனுக்கும் வருவது எனக்கு முக்கியச் சான்றாகப் படுகிறது.

உங்கள் ஊரில் கொட்டுமா, குத்துமா? வளர்ப்பதற்குத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் சிலர் தேளி என்றே விற்பதால், அங்கே இச்சொல் எந்த மீனைக் குறிக்கிறது என்பதையும் மாவட்டப் பெயருடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.