ஒரு ஆன்டிபயாட்டிக் மூன்று வேளை, இன்னொன்று ஒரே வேளை: ஏன் இப்படி?

மாலைவெயில் (கேள்வி):

அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமிலம் 625 மி.கி. எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. அசித்ரோமைசின் 500 நாளைக்கு ஒன்று, அதுவும் மூன்றே நாள். டாக்சிசைக்ளினைப் படுக்கப்போகும் நேரத்தில் போடாதே என்கிறார்கள், சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடு குடிக்காதே என்கிறார்கள். எல்லாமே பாக்டீரியாவுக்கு எதிரான மருந்துதானே, விதி மட்டும் ஏன் மருந்துக்கு மருந்து மாறுகிறது?

கூடவே இரண்டு சந்தேகம். 625 கிடைக்காதபோது 375 இரண்டு போட்டால் சரியாகிவிடுமா? காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டுவிட்டால் மீதியை நிறுத்தலாமா? "கோர்ஸை முழுசாக முடி" என்பதெல்லாம் பழைய கதை என்றும் சிலர் எழுதுகிறார்கள்.

மருந்துப்பெட்டி:

ஒவ்வொரு மருந்தும் பாக்டீரியாவின் வேறு வேறு இடத்தில் கை வைக்கிறது. உடம்பில் தங்கும் நேரமும் வேறு. வேளைக் கணக்கு இந்த இரண்டிலிருந்தும்தான் வருகிறது.

அமாக்சிசிலின் தாக்குவது பாக்டீரியாவின் வெளிச்சுவரை. அந்தச் சுவரின் இழைகளைக் குறுக்கே பிணைக்க ஒரு நொதி உண்டு. மருந்து அதில் ஒட்டிக்கொண்டு அதை முடக்கிவிடும். வளரும் பாக்டீரியா சுவரில் புதிதாகச் சேர்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். பிணைப்பு இல்லாத சுவர் உள்ளழுத்தம் தாங்காமல் கிழிந்து, பாக்டீரியா வெடித்துச் சாகிறது. நம் செல்களுக்கு இப்படி ஒரு சுவரே கிடையாது, அதனால்தான் நமக்கு அவ்வளவாகப் பாதிப்பில்லை. ஆனால் ரத்தத்தில் இதன் அளவு சுமார் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். பாக்டீரியாவை அடக்கும் அளவுக்கு மேலே மருந்து எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதே இங்கே முக்கியம். ஒரே வேளையில் எவ்வளவு உயரம் போகிறது என்பது அல்ல. காலை வேளையை விட்டுவிட்டு ராத்திரி இரண்டாகப் போடுவது உதவாது என்பதும் இதனால்தான். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொண்டால் இடைவெளி சீராக இருக்கும். வேளை தவறினால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள்.

அசித்ரோமைசின் பாக்டீரியா புரதம் தயாரிக்கும் ரைபோசோமில் போய் அடைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் வளர்ச்சியை நிறுத்தும், மீதியை நம் எதிர்ப்பாற்றல் பார்த்துக்கொள்ளும். இது திசுக்களிலும் வெள்ளணுக்களிலும் சேர்ந்து தங்குகிறது. உடம்பில் பாதியாகக் குறையவே 68 மணி நேரம் போல ஆகும். மாத்திரை மூன்று நாளில் முடிந்தாலும் மருந்து அதற்குப் பிறகும் பல நாள் உள்ளே இருக்கும். "மூன்று மாத்திரைதானே" என்று சாதாரண சளிக்குப் போடுவதை நான் கடுமையாக எதிர்ப்பது இதற்காகவே: அடக்கப் போதாத குறைந்த அளவில் நாள்கணக்கில் மருந்து நிற்கும்போது, எதிர்ப்புப் பெற்ற பாக்டீரியாக்கள்தான் பிழைத்துப் பெருகும். இதயத் துடிப்பில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் இதைத் தொடவே கூடாது.

சிப்ரோஃப்ளாக்சசின் பாக்டீரியாவின் டி.என்.ஏ. முறுக்கைச் சரிசெய்யும் நொதியை முடக்குகிறது. பால் விஷயம் இதோடு சம்பந்தப்பட்டதல்ல, அது குடலில் நடப்பது. கால்சியம், இரும்பு, துத்தநாகம், அமிலமுறி மருந்துகளில் உள்ள மெக்னீசியம், அலுமினியம் எல்லாம் இந்த மருந்தைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டியது ரத்தத்தில் ஏறாது. இந்தச் சத்து மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோவைப் போடுங்கள். இந்த மருந்து எடுக்கும் நாட்களில் குதிகால் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) பக்கம் வலித்தால் உடனே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தத் தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து இதில் உண்டு. 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அது இன்னும் அதிகம்.

டாக்சிசைக்ளின் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டினால் அந்த இடத்தையே புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர், பிறகு குறைந்தது அரை மணி நேரம் சாயாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கன்றிப்போகும்.

375 இரண்டு: கூடாது. 625-இல் அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. 375-இல் 250-ம் 125-ம். இரண்டு போட்டால் அமாக்சிசிலின் சரிதான், ஆனால் கிளாவுலானிக் 250 ஆகிவிடும். மருந்தைச் சிதைக்கும் பாக்டீரிய நொதியைத் தடுக்க 125 போதும். மிச்சம் வயிற்றுப்போக்கைத்தான் கூட்டும். சாப்பிடத் தொடங்கும்போதே மாத்திரையைப் போட்டால் வயிறு கொஞ்சம் தாங்கும்.

வார்டு_குறிப்பு:

நிறுத்துவது பற்றி மட்டும் எழுதுகிறேன். மேலே எழுதியவர் மருந்தை நன்றாகச் சொல்லிவிட்டார்.

"கோர்ஸை முடி" என்பது பழைய கதை ஆகவில்லை. மாறியது கோர்ஸின் நீளம். நியுமோனியாவில் காய்ச்சல் விட்டு, மூச்சும் நாடியும் சீரானால் பலருக்கு 5 நாள் போதும் என்று இப்போது தெரியும். முன்பெல்லாம் அதைவிட நீட்டிக் கொடுப்பார்கள். சிக்கலில்லாத சிறுநீர்ப்பை தொற்றுக்கு நைட்ரோஃப்யூரன்டாயின் என்ற ஆன்டிபயாட்டிக் 5 நாள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலின் வழக்கமாக 10 நாள், ஏனென்றால் அங்கே தொண்டை வலி தீர்ப்பது மட்டும் நோக்கமல்ல, பின்னால் வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வைக் கெடுக்காமல் தடுக்க வேண்டும். காசநோய்க்கு மாதக்கணக்கு, அதில் பாதியில் விடுவது மிக ஆபத்து. ஆக, நாள் எண்ணிக்கை நோயைப் பொறுத்தது. காய்ச்சல் விட்டது நல்ல அறிகுறிதான், ஆனால் அதை வைத்து நீங்களாக முடிவெடுக்காமல், எழுதிக்கொடுத்தவரிடம் "இன்னும் எத்தனை நாள் தேவை?" என்று கேளுங்கள். குறைக்கலாம் என்றால் அவரே சொல்வார்.

இதைவிடப் பெரிய தவறு தேவையில்லாமல் தொடங்குவது. ஜலதோஷம், ஃப்ளூ, பெரும்பாலான தொண்டை வலி, பெரும்பாலான இருமல் எல்லாம் வைரஸ். வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. மேலே சொன்ன மருந்துகளுக்கு அங்கே பிடிக்க இடமே இல்லை. சளி பச்சையானால் பாக்டீரியா என்பதும் தவறு. அந்த நிறம் நம் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியுடையது, வைரஸ் தொற்றிலும் வரும். இப்படிப் போடும் ஒவ்வொரு மாத்திரையும் குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்களைத்தான் அடிக்கிறது. அங்கே எதிர்ப்பு மரபணு பெற்றவை மிஞ்சி, அதை மற்ற பாக்டீரியாக்களுக்கும் கைமாற்றிவிடும். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-இல் நோபல் உரையிலேயே, போதாத அளவில் மருந்து கொடுத்தால் பாக்டீரியா பழகிக்கொள்ளும் என்று எச்சரித்தார்.

மாலைவெயில்:

இரண்டு பேருக்கும் நன்றி. குழந்தைகளுக்கான பொடி சிரப்பில் எங்கே தவறு நடக்கிறது என்றும் சொல்ல முடியுமா? அலர்ஜியை எப்படி அடையாளம் காண்பது?

மருந்துப்பெட்டி:

சிரப்பில் தண்ணீரும் அளவும், இரண்டிலும்தான் தவறு நடக்கிறது. முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிடுங்கள். கொதித்து ஆறிய தண்ணீரைக் குறிக்குப் பாதி வரை ஊற்றி நன்றாகக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு குறி வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரையோடு குறியைப் பார்த்தால் தண்ணீர் குறைந்து மருந்து கெட்டியாகிவிடும். சூடான தண்ணீர் மருந்தையே சிதைக்கும். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் கலவை ஃப்ரிட்ஜில், உறைய விடாமல், 7 நாள் வரைதான். பொடி அடியில் தங்கும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். இல்லையென்றால் முதல் நாள் நீர்த்த மருந்தும் கடைசி நாள் இரட்டிப்பும் உள்ளே போகும்.

பாட்டிலில் 5 மி.லி.க்கு எத்தனை மி.கி. என்று கட்டாயம் பாருங்கள். மருத்துவர் 200 மி.கி. சொல்லியிருந்தால் 125 பாட்டிலில் அது 8 மி.லி., 250 பாட்டிலில் 4 மி.லி. சமையல் ஸ்பூன் வேண்டாம், மருந்து சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

வார்டு_குறிப்பு:

அலர்ஜி: மருந்து போட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் தடிப்பு, முகம் அல்லது உதடு வீக்கம், மூச்சு இழுப்பு, தலைசுற்றல் வந்தால் அவசர சிகிச்சைக்குப் போங்கள், காத்திருக்காதீர்கள். சில நாள் கழித்து வாய்க்குள் புண், கண் சிவப்பு, தோலில் கொப்புளம் சேர்ந்து வந்தாலும் அதே அவசரம். வெறும் குமட்டலும் லேசான பேதியும் அலர்ஜி அல்ல. அதை அலர்ஜி என்று எழுதி வைத்துவிட்டால், நல்ல மருந்து ஒன்று வாழ்நாள் முழுக்க உங்களுக்குக் கிடைக்காமல் போகும். பென்சிலின் அலர்ஜி என்று நினைப்பவர்களில் பெரும்பாலோருக்குச் சோதனையில் அது இருப்பதில்லை. எந்த மருந்து, எத்தனையாவது வேளை, என்ன ஆனது என்று குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேதி ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால், அல்லது ரத்தம் கலந்தால், மருந்து முடிந்து சில வாரம் ஆகியிருந்தாலும் காட்ட வேண்டும். அப்போது பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாகப் போடாதீர்கள். மெட்ரோனிடசோல் என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் எடுக்கும்போதும், முடித்த பின் இரண்டு மூன்று நாளும் மது வேண்டாம்.