சுங்கவரி இல்லை, அப்புறம் அரசாங்கம் ஓடியது எப்படி?

பாசிர் பாஞ்சாங் அப்பா:
மகளுக்கு உயர்நிலை இரண்டில் வரலாற்றுச் செயல்திட்டம். வெள்ளைக்காரன் காலத்தில் சிங்கப்பூர் வரியில்லாத் துறைமுகம். அப்படியென்றால் ரோடு போட, போலீஸுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு ஏது? அபினியில் வந்தது என்கிறாள். கடத்தல் பணமா, சட்டப்படியா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
சட்டப்படியே, 1820லிருந்து. கப்பலுக்கு வரி போட்டால் வணிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அதனால் அபினியைச் சண்டாக (புகைப்பதற்கான அபினி) காய்ச்சி விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். ஊரில் சாராயக் கடை ஏலம் பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்! எடுத்தவர் மாதாமாதம் குத்தகைப் பணம் கட்ட வேண்டும். திருட்டுச் சண்டு பிடிக்கவும் அவரே ஆள் வைத்துக்கொள்வார். அரசாங்கம் நோகாமல் நொங்கு தின்றது. 19ஆம் நூற்றாண்டில் பல வருடம் வருமானத்தில் கிட்டத்தட்ட பாதி இதுதான்.

கொடுத்தது யார்? மூட்டை தூக்கியவர்களும் ரிக்‌ஷா இழுத்தவர்களும். உடம்புவலிக்கு ஒரு இழுப்பு, அதற்கே கூலி கரையும். பெரிய வணிகர் சரக்குக்குப் பைசா சுங்கவரி கட்டவில்லை. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

பேச்சாளர் சதுக்கம் இருக்கும் ஹாங் லிம் பூங்காவுக்குப் பணம் கொடுத்த சியாங் ஹாங் லிம்மும் அபினிக் குத்தகைக்காரர்தான். மகளிடம் சொல்லுங்கள்.

தேக்கா மணி:
சரக்கு நம் இந்தியாப் பக்கத்திலிருந்து வந்ததையும் சேருங்கள் சார். பாட்னா, காசிப் பக்கம் விளைந்ததைக் கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியே ஏலம் விட்டது. அங்கே ஒரு லாபம், இங்கே ஒரு குத்தகை.

பாசிர் பாஞ்சாங் அப்பா:
எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புக்கிட் சண்டு மலையின் பெயரும் இந்தச் சண்டுதானா?

ஓய்வுபெற்ற வாத்தியார்:
அதேதான். 1910இல் குத்தகையை ஒழித்து அரசாங்கமே விற்பனையில் இறங்கியது. அந்த மலையடியில்தான் சண்டு ஆலை. 1925இல், இந்த வருமானம் நின்றால் என்ன செய்வது என்று 3 கோடி டாலரைத் தனியே ஒதுக்கினார்கள். விற்பதை மட்டும் உடனே நிறுத்தவில்லை! போருக்குப் பிறகு 1946இல்தான் தடை. 1948இல் வருமான வரி வந்துவிட்டது, அதற்கும் வணிகர்கள் முணுமுணுத்தார்கள்.

தேக்கா மணி:
ஆதாரம் கேட்பார்கள். விக்டோரியா ஸ்ட்ரீட் தேசிய நூலகத்தில் 11ஆவது மாடிக்குப் போகச் சொல்லுங்கள். பழைய நாளிதழ்களை நூலகத்தின் இணையத்தளத்திலும் இலவசமாகப் பார்க்கலாம்.